முடிச்சூர் ரோட்டுப் பட்டறை

ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. பட்டறைக்காரர் குர்மேல் சிங் இடுக்கியால் லாரி ஸ்பிரிங் பட்டையை உலையிலிருந்து இழுத்து அடைகல்லில் வைத்தார். தசரதன் சம்மட்டியை ஓங்கி அடித்தான். அவன் மனைவி தையல்நாயகி உலைக்குக் காற்றுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே முடிச்சூர் ரோட்டில் பஸ் இல்லை, லாரி இல்லை. எதிர் டீக்கடையும் மூடிக் கிடந்தது. முந்தின நாள் டில்லியில் பிரதமரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுட்டவர்கள் சீக்கியர்கள் என்று ரேடியோ கேட்டவர்கள் சொன்னார்கள்.

"சத்தம் ரொம்ப தூரம் கேக்குது சர்தார். பொகை வேற மேல போவுது. இன்னிக்கு வோணாம்" என்றான் தசரதன்.

"பட்டை செவந்துடுச்சி. இத முடிச்சிடலாம். அடி."

ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜெயவேலு குனிந்து உள்ளே வந்தான். பட்டறை இருந்த நிலம் அவன் குடும்பத்தினுடையது. சுற்றியிருந்த வயல்களையெல்லாம் மனை போட்டு விற்றாகிவிட்டது. இதையும் காலி செய்து தரச்சொல்லி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். குர்மேல் சிங் அசையவில்லை.

"ஹைவேஸ்ல ஒரு சர்தார் ஓட்டலக் கொளுத்திட்டாங்களாம். பசங்க இந்தாண்டதான் வந்துகினு கீறாங்க" என்றான் ஜெயவேலு. "என் பேச்சு எடுபடாது. சாவியக் குட்துட்டு சம்சாரத்தக் கூட்டிகினு எங்கனா போயிடு. அடங்கினப்புறம் வா."

"இத்தினி வருசமா இங்கதான் கீறேன். நா இன்னா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. யாரு பண்ணேன்னாங்க?"

ஜெயவேலு சாவிக்குக் கையை நீட்டினான். குர்மேல் சிங் கொடுக்கவில்லை. ஜெயவேலு கையை இழுத்துக்கொண்டு வெளியே போனான். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் தையல்நாயகி சக்கரத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் அறைக்கு ஓடினாள்.

குர்மேல் சிங்கின் மனைவி ஹர்பன்ஸ் கவுர் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தையல்நாயகி வாசல் கொடியில் தான் உலர்த்தியிருந்த மாற்றுப்புடவையை எடுத்து, அவளுடைய சல்வாரின் மேலேயே சுற்றினாள்.

"கைய நீட்டாத அக்கா. இரும்புக் காப்பு தெரியுது. முந்தானைய இழுத்து மூடிக்க. யார் கேட்டாலும் வாயத் தொறக்காத. எங்க பெரிம்மா பொண்ணு, வாய் பேச வராதுன்னு சொல்லிக்கறேன்."

கிளம்பும்போது ஹர்பன்ஸ் கவுர் பின்வாசலில் நின்று தன் மொழியில் ஏதோ கேட்டாள். குர்மேல் சிங் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இரண்டு பெண்களும் ஏரிக்கரையிலிருந்த தசரதன் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார்கள்.

"நீயும் போயிருக்கலாம் சர்தார்" என்றான் தசரதன். "பேசாம ஒன் ஊருக்கே பூடேன்."

"எந்த ஊரு?"

குர்மேல் சிங் ஷட்டரின் இடைவெளியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நா பொறந்த ஊரு இப்ப பாகிஸ்தான்ல கீது. ஆறு வயசுல தொரத்திட்டாங்க. அப்புறம் இந்தாண்ட பஞ்சாப்ல ஒரு சின்ன டவுன். துணி நெய்யற முஸ்லிமுக்கு ஒரு தெரு, தோல் வேலைக்காரங்களுக்கு ஒரு தெரு, கடை வெச்ச லாலாங்களுக்கு ஒண்ணு. சுத்தி நெலம் வெச்ச ஜாட்டுங்க. நாங்க போறப்ப முஸ்லிம் தெருவே காலி. ஒரு வூட்டக் காட்டி, இனிமே இது உங்க வூடுன்னான் சர்க்கார் ஆளு. உள்ள தறி கீது. தறியில பாதி நெய்ஞ்ச துணி. எங்கம்மா அத அறுத்து எனக்கு சட்டை தெச்சிச்சி."

"அவங்க திரும்பி வர்லியா?"

"வர்ல. நா ரொம்ப நாள் கதவையே பாத்துகினு இருந்தேன், யார்னா வந்து தட்டுவாங்கன்னு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அங்க மிலிட்ரி. எங்கண்ணன் புள்ளயப் புடிச்சிகினு போனாங்க. எங்க வெச்சிகிறாங்கன்னு தெரியல. அங்க போவச் சொல்றியா?"

முதல் கல் ஷட்டரில் விழுந்தது.

தசரதன் அவரை உலைக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே வந்து ஷட்டரை முழுக்க இறக்கினான். இருபது, முப்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் தெரிந்தவர்கள். முன்னால் நின்ற தனக்கோடியோடு அவன் சின்ன வயதில் ஏரியில் மீன் பிடித்திருக்கிறான். தனக்கோடியின் கையில் இப்போது மண்ணெண்ணெய் டின் இருந்தது.

"சர்தார் இல்ல. ஊருக்குப் பூட்டான்" என்றான் தசரதன்.

"அப்ப உள்ள இன்னாடா பொகை?"

"நான்தான் வேலை செய்யறேன்."

"நவுரு தசரதா. ஒனக்கு இன்னா வந்துச்சி? அவன் ஒன் சாதியா, சனமா?"

"நவுர முடியாது."

எங்கிருந்தோ பறந்து வந்த கல் அவன் புருவத்துக்கு மேல் பட்டது. ரத்தம் கண்ணில் இறங்கியது. இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் ஷட்டரின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். அது உள்ளிருந்து தூக்கப்படுவதை உணர்ந்து, கீழே அழுத்தினான். முடியவில்லை. குர்மேல் சிங் வெளியே வந்து, சாயப்போனவனைத் தோளில் தாங்கிக்கொண்டார்.

தனக்கோடி டின்னின் மூடியைத் திருகிக் கழற்றினான்.

"போதும்டா."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஜெயவேலுவின் குரல் வந்தது. அவன் கத்தக்கூட இல்லை. டின் கீழே இறங்கியது. கைகளிலிருந்து கற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவன் நடந்து வர வழி விட்டார்கள்.

குர்மேல் சிங் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் பேச்சு நல்லாத்தான் எடுபடுது, ஜெயவேலு" என்றார்.

ஜெயவேலு கையை நீட்டினான். குர்மேல் சிங் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அதில் வைத்தார்.

மறுநாள் குர்மேல் சிங்கும் மனைவியும் விஜயவாடாவுக்கு ரயிலேறினார்கள். அங்கே ஹர்பன்ஸ் கவுரின் தம்பி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் தையல்நாயகியின் புடவையிலேயே போனாள். "ரெண்டு வாரத்துல வந்துடுவேன். நம்ம சாமான் பத்திரம்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார் குர்மேல் சிங். தலைப்பாகைக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்தியிருந்தார். தாடியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடைமழை பிடித்துக்கொண்டது. தசரதன் தாம்பரம் முழுக்க பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினான். நெற்றியில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும், "நீதானே அந்த சர்தாராண்ட இருந்தவன்?" என்று கேட்டு அனுப்பினார்கள். தையல்நாயகி வீட்டுவேலைக்குப் போனாள்.

மழை விட்டுத் தை பிறந்ததும் ஜெயவேலு ஆள் அனுப்பினான். தசரதன் போனபோது பட்டறை இருந்த இடம் வெட்டவெளியாக இருந்தது. கூரைத் தகடும் ஷட்டரும் அடைகல்லும் போய்விட்டிருந்தன. இரண்டு பேர் நாடா பிடித்து நிலத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

"சும்மாதான கீற? மனைக்குக் கல்லு நடணும், குழி தோண்டு" என்றான் ஜெயவேலு. "சாயங்காலம் கூலி வாங்கிக்க."

"சர்தார் வந்தா?"

"வர்றப்ப பாத்துக்கலாம்."

வீட்டில் அன்று உலை வைக்க அரிசி இல்லை. தசரதன் கடப்பாரையை எடுத்தான்.

மற்ற இடங்களில் ஈர மண் இலகுவாக விட்டுக்கொடுத்தது. ஆனால் அடைகல் இருந்த மூலையில் இத்தனை வருடம் தெறித்த இரும்புச் செதிலும் கரித்தூளும் எண்ணெயோடு சேர்ந்து இறுகிப் பாறையாகக் கிடந்தன. கடப்பாரை துள்ளித் திரும்பியது.

"கொஞ்சம் தள்ளி நட்டா?"

"கார்னர் மனைய்யா அது. கல்லு அங்கதான் வரணும்."

தசரதன் மறுபடி ஓங்கிக் குத்தினான். காலடியில் பொறி பறந்தது. அவனுக்குப் பின்னால், சுண்ணாம்பு அடித்த கற்களை மாட்டுவண்டியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.