கவுன்டர் அனுபவம்

"பூஜ்யமா? நாலு வருசமா பேங்குல கீற. பூஜ்யம்னு எயுதறியே, உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

ஷீபாவின் கணவன் ஆல்பர்ட் டிபன் டப்பாவை ணங்கென்று தரையில் வைத்தான். ஷீபா தலை நிமிரவில்லை. அவள் மடியில் வங்கியின் திறன் மதிப்பீட்டுப் படிவம். ஊழியர்களுக்கு என்ன தெரியும், என்ன பயிற்சி தேவை என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து இன்று ஆள் வருகிறது. நூற்றுக்கு அறுபது வாங்கினால்தான் அதிகாரி தேர்வு எழுதலாம். அதில் கவுன்டர் அனுபவத்துக்கு மட்டும் ஐம்பது.

"என்னிக்கி என்னை கவுன்டர்ல ஒக்கார வுட்டாங்க?"

"ரெண்டு வருசம்னு போடு. எவன் வந்து பாக்கப்போறான்?"

"எனக்குத் தெரியுமே."

அவன் டப்பாவை எடுத்து அவள் பையில் வைத்தான். மானாம்பதிப் பக்கத்துக் காலனியிலிருந்து வங்கி வேலைக்குப் போன முதல் பெண் அவள். வங்கியில் அவளை எங்கே உட்காரவைத்திருக்கிறார்கள் என்பது அவனைத் தவிர காலனியில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே சொல்ல அவளுக்கு வெட்கம். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்றாலும், இந்த நாட்டில் அது எப்போதும் இப்படித்தான் இடம் மாறிக்கொள்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. கிளை இருந்த ஊரின் பெரிய மனிதர் முத்துவேல், கோயில் திருவிழாப் பணத்தைக் கட்ட வந்தார். கவுன்டருக்குப் பக்கத்தில் நின்று வேலை பழகிக்கொண்டிருந்த ஷீபா கை நீட்டினாள். அவர் கொடுக்காமல் நேராக மேலாளர் அறைக்குள் போனார்.

"நான் ஜாதி பாக்கறவன் இல்ல சார். சாமி காசு, அதான்."

மேலாளர் ராஜாராம் யாரிடமும் குரல் உயர்த்தாத நல்லவர். அந்த நல்லவர், "உனக்கு எதுக்கும்மா வம்பு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று மறுநாளே அவளைப் பின்னால் இருந்த ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றிவிட்டார். அன்று முதல் பழைய கோப்புகளோடு அவள் மாரடித்துக்கொண்டிருக்கிறாள்.

மதிப்பீட்டுக்கு வந்த தேவயானி படிவத்தைப் பார்த்துப் புருவம் சுருக்கினார்.

"சரி, ஒரு மணி நேரம் கவுன்டர்ல ஒக்காருங்க. நான் நேர்லயே பாத்துக்கறேன்."

"மேடம், அவங்களுக்கு அது பழக்கம் இல்ல..." ராஜாராமுக்கு வியர்த்தது.

"அதைப் பாக்கத்தான சார் வந்திருக்கேன்?"

ஷீபா இரண்டாம் கவுன்டரில் உட்கார்ந்தாள். கணினியில் இருந்த அத்தனையும் அவள் தானாகவே கற்று வைத்திருந்தாள். வெளியே முதியோர் உதவித்தொகைக் கூட்டம் நிரம்பி வழிந்தது. எல்லாரும் ஊருக்குள் இருப்பவர்கள். அந்த ஊர்க் காலனிக்காரர்கள் வியாழக்கிழமைதான் வருவார்கள். யாரும் உத்தரவு போட்டதில்லை, அப்படியே ஆகிவிட்டது.

முதல் கவுன்டரில் ஷகீல். அவன் முன்னால் நின்ற வரிசை வாசற்படியைத் தாண்டியிருந்தது.

"இங்க வாங்கம்மா" என்றாள் ஷீபா.

வரிசையில் நின்ற ஓர் அம்மாள் கேட்காதவள்போல் சுவரைப் பார்த்தாள்.

"அந்தக் கவுன்டர் காலியாத்தான் கீது, போங்களேன்" என்றான் ஷகீல்.

"பரவால்ல பாய், நாங்க நின்னுக்கறோம்."

கால் வலி தாங்காமல் ஒரு கிழவர் மட்டும் இரண்டாம் கவுன்டர் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். பின்னாலிருந்து யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் ஷீபாவின் முகத்தைப் பார்க்காமல் நொண்டிக்கொண்டே வரிசைக்குத் திரும்பினார்.

ஒரு மணி நேரம் முடிந்தது. தேவயானி அவளை உள்ளே கூப்பிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டினார்.

"கணினி அறிவு மிக நன்று. வாடிக்கையாளரைக் கவரும் திறன் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒருவர்கூட அணுகவில்லை. பரிந்துரை: இனிமையாகப் பழகுவதற்கு ஐந்து நாள் பயிற்சி." காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "கவலைப்படாதீங்க ஷீபா, டிரெய்னிங்ல எல்லாம் சரியாயிடும். இங்க ஒரு கையெழுத்து."

ராஜாராம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரிசையில நின்னவங்களுக்கு எத்தினி நாள் டிரெய்னிங் மேடம்?" என்றாள் ஷீபா.

தேவயானி கண்ணாடி வழியே வரிசையைப் பார்த்தார். பிறகு ராஜாராமைப் பார்த்தார். "அதுக்கு இந்த ஃபாரத்துல எடம் இல்லம்மா" என்றார்.

ஷீபா கையெழுத்துப் போடவில்லை. வெளியே போய், மறுபடியும் இரண்டாம் கவுன்டரில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை ஒருவரும் வரவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.