வளர்ந்த கல்லும் வலது முன்மூலையும்

1944-ஆம் வருஷம் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்த வாரத்திலிருந்து அமலோற்பவமேரியின் கொல்லையில் கிடந்த கல் வளர ஆரம்பித்தது. அந்த வருஷம் ஜெயங்கொண்டம் சந்தையில் மண்ணெண்ணெய் கண்ணிலேயே படவில்லை, சீனி ரேஷன், முந்திரி மட்டும் நல்ல காய்ப்பு. கல் வளர்ந்ததும் அப்படி ஒரு சேதிதான். சவேரியார்மேட்டு ஜனங்கள் வந்து பார்த்து, "ஆமா, வளந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் களை எடுக்கப் போனார்கள்.

அரியலூர்ப் பக்கம் கிணறு வெட்டப் போன அவள் புருஷன் செல்வநாதன் வண்டியில் போட்டுக் கொண்டுவந்த கல் அது. உடம்பெல்லாம் கிளிஞ்சல் பதிந்திருக்கும். மழையில் நனைந்தால் மீன் வாடை அடிக்கும். துணி துவைக்க ஆகுமென்று நினைத்தான். கிளிஞ்சல் முதல் வாரமே அவன் வேட்டியைக் கிழித்ததால், கொல்லையோடு கிடந்தது. 1941-ல் அவன் பட்டாளத்துக்குப் போனான். சிங்கப்பூர் விழுந்ததோடு அவனைப் பற்றிய பேச்சுமூச்சு நின்றுபோனது.

அந்த ஊரில் பாஸ்கா அன்று காலையில் உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தைத் தேக்குச் சப்பரத்தில் வைத்துத் தெருவெல்லாம் சுற்றிவருவார்கள். சப்பரத்துக்கு நாலு மூலை, நாலு மூலைக்கும் நாலு வீடு. வலது முன்மூலை செல்வநாதன் வீட்டுத் தோளுக்கு உரியது. தெருவே அந்தப் பக்கம் சரிவு என்பதால் பொல்லாத கனம் அந்த மூலையில்தான். ஒரு வீட்டுத் தோள் மூன்று பாஸ்கா வராமல் போய், நாலாவதும் வராவிட்டால், மூலை பங்காளிக்குப் போய்விடும். அதோடு விட்டால் தேவலையே! ஆள் இல்லையென்று வைத்துத் துக்க மணியும் அடிப்பார்கள். முன்னொரு தடவை கண்டித் தோட்டத்துக்குப் போன ஒருவனுக்கு அப்படி அடித்தார்கள். அதே நாள் அதே நேரம் அவன் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபடியே போய்ச் சேர்ந்தான் என்று பிற்பாடு தெரிந்தது. அதனால் அந்த மணியைப் பற்றி ஊரில் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

1942, 1943 என்று இரண்டு பாஸ்கா மூலை காலி. பங்காளி ஆரோக்கியசெல்வம் தோளுக்குச் சும்மாடுகூடத் தைத்துவைத்துவிட்டான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரன், அவ்வளவுதான். "மணி அடிச்சாத்தானே அண்ணி, அண்ணனுக்கு மோட்சம்?" என்றான்.

"அவரு மோட்சத்துக்குப் போறப்ப போகட்டும். இப்ப உசுரோட இருக்காரு. மூலைக்கு நான் வரேன்" என்றாள் அமலோற்பவம்.

நாட்டாண்மை சின்னப்பராஜ் தலையைச் சொறிந்தார். "வூட்டுத் தோளுன்னுதான் பெரியவங்க சொல்லியிருக்காங்க. ஆம்பளத் தோளா பொம்பளத் தோளான்னு சொல்லி வைக்கலியே" என்றார். சொல்லி வைத்திருந்தால் அவருக்கும் நிம்மதி. இவளால் எங்கே ஆகப்போகிறது என்ற தைரியத்தில் தலையாட்டிவிட்டார்.

1944-ல், பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியதும் அமலோற்பவம் ஒரு நேர்ச்சை வைத்தாள். பாஸ்கா வரை தினமும் அந்தக் கல்லைத் தூக்குவது, ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை, ஒரே வேளை கஞ்சி, முட்டை, கறி, மீன் எதுவும் தொடுவதில்லை. உடம்பை ஒடுக்கினால் ஆண்டவர் பலம் தருவார் என்று பிரசங்கத்தில் சொல்வது ஆத்துமத்துக்கு. இவள் அதைத் தோளுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். கல் நாளுக்கு நாள் சிறுத்தது, அவளும் சிறுத்தாள். பாஸ்காவுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு அன்று கல் தேங்காய் அளவுதான் இருந்தது. அதையும் நெஞ்சுவரைக்கும் கொண்டுவர முடியவில்லை. பாஸ்கா அன்று இரண்டாம் தெருவிலேயே முழங்கால் மடிந்து, சுரூபம் சாய்ந்து, ஆரோக்கியசெல்வம் ஓடிவந்து தாங்கவேண்டியதாகிவிட்டது. அது மூன்றாவது வராத பாஸ்கா என்று ஊர் முடிவு செய்தது.

வீட்டுக்கு வந்தவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் அசுரப் பசி. தபசு முழுக்கத் தின்னாமல் சேர்ந்த முட்டை பானை நிறைய இருந்தது. நாலைந்தை அவித்துக் கருவாட்டுக் குழம்போடு சோறு தின்றாள். மறுநாள் எழுந்திருக்கவில்லை, அதற்கு மறுநாளும் கிடந்தாள். மூன்றாம் நாள் கல்லை ஓர் எத்து எத்தலாம் என்று கொல்லைக்குப் போனால், அது பூசணிக்காய் அளவுக்கு நிற்கிறது! குனிந்து தூக்கினாள், தோளுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கே அவளுக்குப் பிடிபட்டுப்போனது. "கெணத்துல இறைச்சுக்கிட்டே இருந்தா எப்புடி ஊறும்? விட்டாத்தானே ஊறும்" என்று பக்கத்து வீட்டு ஜானகியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு நாள் தூக்குவாள், மறுநாள் விட்டுவிடுவாள். விட்ட நாளில் கல் வளரும், அவளும் வளருவாள். கேழ்வரகுக் களி, முட்டை, மொச்சை, கிடைத்தபோது கருவாடு. ஐப்பசியில் கல் உரல் அளவு. மார்கழியில் கோழிக்கூண்டை இடம் மாற்றிக் கட்டவேண்டி வந்தது. ரவிக்கைக் கையெல்லாம் தெறித்தது. தோளில் திமில் மாதிரி சதை திரண்டது. முதுகு கதவுப்பலகை போல் விரிந்தது.

"ஏன்டி, உன் புருஷன் வந்தா இது யாருன்னு தெரியாம ஓடிரப் போறாரு" என்று ஜானகி கேலி பண்ணினாள்.

"ஓடட்டும்டி. ஓடுறதுக்கு உசுரு இருந்தாச் சரி" என்றாள் அமலோற்பவம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜானகி அதற்குப் பிறகு அந்தக் கேலியை எடுக்கவில்லை.

மறு தபசுக்கு அவள் பங்குச் சாமியாரிடம் போய், ஒரு வேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி இருக்க முடியாது என்றாள். கடின வேலை செய்கிறவர்களுக்கு விலக்கு உண்டே, நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். "கல்லு தூக்குறேன் சாமி" என்றாள். அவர் அவள் தோளைப் பார்த்தார், விலக்குக் கொடுத்தார்.

1945 பாஸ்கா அன்று காலை, மணி அடிக்கும் கோயில்பிள்ளை துக்க மணிக் கயிற்றை அவிழ்த்துத் தயாராக வைத்திருந்தார். அமலோற்பவம் குனிந்து வலது முன்மூலையில் தோள் கொடுத்தாள். சப்பரம் எழுந்தது. இரண்டாம் தெருச் சரிவில் அந்த மூலை தாழவே இல்லை. மற்ற மூன்று மூலைக்காரர்களும் இவளுக்குச் சமமாக ஏந்தத் திணறினார்கள். ஆரோக்கியசெல்வம் சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டே கூட வந்தான். கடைசித் தெருவில் அவனே அதை அவள் தோளில் செருகி, "இருக்கட்டும் அண்ணி" என்றான். கோயில்பிள்ளை மணிக் கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

மறு வருஷம் தை மாதம், கரிவாயு பஸ்ஸில் செல்வநாதன் வந்து சேர்ந்தான். மடியில் ஒரு புளி மூட்டை. அவன் மிதந்து கூரையில் முட்டாமல் இருக்கக் கண்டக்டர் வைத்த மூட்டை அது. ஊர் வந்ததும் கண்டக்டர் மூட்டையை வாங்கிக்கொள்ள, செல்வநாதன் கால் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்றது. அமலோற்பவம் ஓடிவந்து எட்டிப் பிடித்து, முந்தானையை அவன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பார்த்தவர்கள், "இறுக்கிக் கட்டு தாயி, காத்து அடிக்குது" என்றார்கள். அவன் ஓடவில்லை. "மேரி" என்று ஒரே வார்த்தை சொல்லி அழுதான்.

கஞ்சி குடித்த பிறகு மெல்லச் சொன்னான். ஜப்பான்காரன் முகாமில் சோறு இல்லாமல் வேலை, ஓய்வே இல்லாமல் வேலை. சதையெல்லாம் போய் ஆட்கள் லேசாகி, ஒவ்வொருவராகக் காட்டுக்கு மேலே மிதந்து போய்விட்டார்கள். "போன பாஸ்கா அன்னிக்குக் காலையில என் காலும் தூக்கிருச்சு மேரி. சரி, போயிரலாம்னுதான் இருந்தேன். திடீர்னு வலது தோள்ல ஏதோ கனமா வந்து உக்காந்து, என்னை அப்புடியே கீழ அமுக்கிருச்சு. பொழுது உச்சிக்கு வர்றவரைக்கும் எடுக்கல."

அவள் அவன் சட்டையை விலக்கினாள். வலது தோளில், சப்பரத்தின் தண்டு உட்காரும் இடத்தில், அவளுக்கு இருப்பது போலவே ஒரு காய்ப்பு இருந்தது. அதன்மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு முட்டை அவிக்கப் போனாள்.

முதலில் ஒரு கூழாங்கல் கொடுத்தாள். ஒரு நாள் தூக்கு, ஒரு நாள் படு, நன்றாகத் தின் என்றாள். அடுத்த தபசுக்குள் அவன் குதிகால் தரையைத் தொட்டுவிட்டது. மூலையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறாயா என்று நாட்டாண்மை கேட்டதற்கு, "வேணாங்க, அது அவ மூலை" என்று சொல்லிச் சப்பரத்துக்கு முன்னால் குடை பிடித்தான். பிற்பாடு அவனும் பெரிய கல்லுக்கு வந்துவிட, இருவரும் நாள் மாற்றி நாள் தூக்கினார்கள். ஞாயிறு மட்டும் யாரும் தொடுவதில்லை. அந்த ஒரு நாள் ஓய்வுக்கு வளர்வதும், மற்ற நாளில் தேய்வதும் சரியாகப் போய்விட, கல் அதே அளவில் நின்றுவிட்டது. அதுவும் நல்லதுதான், கொல்லையில் அதற்குமேல் இடம் இல்லை.