சான் லூக்கா தெரிய வேண்டும்

பாஸ்தாவுக்குப் பேர்போன பொலோன்யாவில் பிறந்த ஒருவன் பாஸ்தா செய்யக் கற்றுக்கொள்ள புளோரன்சுக்கு ரயில் ஏறினால் என்ன தண்டனை என்று எங்கள் ஊர்ச் சட்டத்தில் எழுதப்படவில்லை. அப்படி ஒருவன் பிறப்பான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. நான் ஏறினேன். எழுபத்தாறு வயதில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

எல்லாம் எல்விராவுக்காக. என் மனைவி எல்விரா ஊர் நடுவில் இருக்கும் ஓர் உணவகத்தில் நாற்பத்தொரு வருஷம் மாவு தேய்த்தவள். அவள் தேய்த்து வெட்டிய தல்யதெல்லே நாடாக்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் நிலாவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மிச்சத்தில் துணி காயப்போடலாம். அங்கே தேய்த்தது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் தேய்ப்பாள். பலகையின் மேல் அந்த நீளமான கட்டை உருளும் சத்தத்தில்தான் நான் ஞாயிறுதோறும் கண் விழிப்பேன். எழுந்து போனால் புருவமெல்லாம் மாவாக நிற்பாள். மேஜை விரிப்பு அகலத்துக்கு இருக்கும் மாவுத் தகட்டை இரண்டு கைகளாலும் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடிப்பாள்.

எங்கள் ஜன்னலில் நின்றால் எதிர்க் குன்றின் மேல் சான் லூக்கா கோயில் தெரியும். மாவுக்குப் பின்னாலும் அது தெரிய வேண்டும். எங்கள் ஊரில் பாஸ்தாவுக்கு அதுதான் அளவு. தெரியாவிட்டால் அதன் பெயர் கம்பளி.

போன வருஷம் அவளுடைய மணிக்கட்டுகள் இரண்டும் வீங்கிப்போயின. இனிமேல் கட்டையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே பலகையையும் கட்டையையும் பழைய போர்வையில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் தள்ளினாள். அதிலிருந்து கடைப் பாக்கெட்தான். இரண்டு வாய் சாப்பிடுவாள், முள்கரண்டியை வைத்துவிடுவாள். பேச்சும் குறைந்துவிட்டது. எல்விரா பேசாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரமே வெட்கப்பட்டு மெதுவாக ஓடியது.

அக்டோபரில் ஒரு நாள் மனசு தாங்காமல் வாயைவிட்டேன்.

"நம்ம அம்பதாவது கல்யாண நாளுக்கு நானே தல்யதெல்லே செஞ்சு தர்றேன்."

"நீயா?" என்றாள். "முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டுன கை அது. மாவு மேல டயர் தடம்தான் விழும்."

"செஞ்சு காட்டறேன், பாரு."

"பாக்கத்தான் போறேன். ஜன்னல்ல பிடிச்சுப் பாப்பேன். சான் லூக்கா தெரிஞ்சா ஒரு தட்டு முழுசா சாப்பிடறேன். தெரியலைன்னா பேசாம பாக்கெட்டைப் பிரி, நெரியோ."

உதட்டின் ஓரம் லேசாக மேலே போனது. எட்டு மாசத்தில் முதல் தடவை. அதைப் பார்த்த பிறகு நான் பின்வாங்க முடியாது.

உள்ளூரில் கற்றுக்கொள்ளவும் முடியாது. பொலோன்யாவில் மாவு தேய்க்கிற ஒவ்வொரு பெண்ணும் ஒன்று எல்விராவின் சிஷ்யை, இல்லாவிட்டால் விரோதி, இல்லாவிட்டால் இரண்டும். நான் மாவில் கை வைத்த சேதி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும். அதனால்தான் புளோரன்ஸ். ஓய்வுபெற்ற டிரைவர்கள் கூட்டம் என்று அவளிடம் பொய் சொன்னேன்.

சுற்றுலாப் பயணிகளுக்கான வகுப்பு. ஒரே நாளில் பாஸ்தாவும் ஜெலாட்டோ ஐஸ்கிரீமும். அடுப்பே பற்றவைத்திராதவர்களும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். நடத்துகிறவள் ஃபியம்மெத்தா, ஐம்பது வயதுக்காரி. கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுகிறவள். எங்களில் ஏழு பேர் வெளிநாட்டுக்காரர்கள். எட்டாவது ஆளான நானும் வெளிநாட்டுக்காரன் ஆகிவிட்டேன்.

"நீங்க எங்கிருந்து வர்றீங்க, பெரியவரே?"

"சுவிட்சர்லாந்து. லுகானோ." அங்கேயும் எங்கள் மொழிதான் என்பதால் தைரியமாகச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கைக்கடிகாரம் ரிப்பேர் பண்றவன்."

எனக்குப் பக்கத்தில் நின்ற டென்மார்க் பல் டாக்டர் கிர்ஸ்டனுக்கு ஃபியம்மெத்தா இதை மொழிபெயர்த்துச் சொன்னதுதான் தாமதம், கிர்ஸ்டன் தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி நீட்டிவிட்டாள். இரண்டு நாளாக ஓடவில்லையாம். காதில் வைத்துக் கேட்டேன். நாடி பார்த்தேன். "ரொம்பக் களைச்சிருக்கு. வெயில்ல வைக்கச் சொல்லுங்க" என்றேன். அவள் அதை ஜன்னல் விளிம்பில் பயபக்தியோடு வைத்தாள்.

முதலில் ஜெலாட்டோ. அது உறைய நேரமாகும் என்பதால் முந்திக்கொண்டது. பாலைச் சுடவைத்து எலுமிச்சைத் தோலைப் போட்டு, மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் அடித்துச் சேர்த்து, கரண்டியின் முதுகில் படியும்வரை கிளறினோம். ஆறியதும் இயந்திரத்தில் ஊற்றினாள். அரைமணி நேரம் உறுமியபின் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தாள்.

எலுமிச்சைத் தோல் வாசம் ஏறிய முட்டைக் கிரீம். நாக்கில் பட்டதும் எனக்கு இருபத்துநாலு வயது ஆகிவிட்டது. இருபதாம் நம்பர் பஸ், ஆகஸ்ட் வெயில், எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மஞ்சள் சட்டைக்காரி. முழங்கைவரை மாவு. "இந்தச் சூட்டுல ஒரு ஜெலாட்டோ கிடைச்சா உயிர் வரும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. நான் பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்தினேன். நாற்பது பயணிகள் கத்தக் கத்த, பின்னால் நகரத்தின் பாதி வண்டிகள் ஹாரன் அடிக்க, கடைக்குள் போய் வரிசையில் நின்று, இதே முட்டைக் கிரீமை வாங்கி வந்து நீட்டினேன். "பஸ்ஸை ஓட்டுங்க, உருகிடும்" என்றாள் எல்விரா. எது உருகும் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"கண்ணாடியைக் கழட்டுங்க பெரியவரே, உள்ள மழை பெய்யுது" என்றாள் ஃபியம்மெத்தா. எலுமிச்சைமேல் பழி போட்டேன்.

அடுத்தது பாஸ்தா. மாவைக் குவித்துக் குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றினோம். என் குழியின் கரை உடைந்து மஞ்சள் கரு கிர்ஸ்டனின் எல்லைக்குள் ஓடியது. பிசைந்து ஓயவைத்தபின், ஆளுக்கொரு இயந்திரம் கொடுத்தாள். கைப்பிடியைச் சுற்றினால் தகடு தானாக வரும். கிர்ஸ்டனுக்குப் பட்டுத்துணி போல வந்தது.

"எனக்கு இது வேண்டாம். கட்டையாலதான் தேய்க்கணும்" என்றேன்.

"கடிகாரக்காரருக்கு எதுக்கு அது?"

"பிடிவாதம்."

ஒரு கட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். முதல் உருண்டை கிழிந்தது. இரண்டாவது ஆப்பிரிக்கா வரைபடமானது. மூன்றாவதைப் பிசையும்போது பக்கத்தில் வந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெயைச் சொட்டினாள். "புதுசாத் தேய்க்கறவங்களுக்கு இதுதான் வைத்தியம். கிழியாது."

கிழியவில்லை. அது விரிந்தது. விரிந்துகொண்டே போனது. என் கையால் இப்படி ஒன்று உண்டானதா என்ற மயக்கத்தில், ஐம்பது வருஷமாக நான் பார்த்த ஒன்றை என் கைகள் என்னைக் கேட்காமலே செய்துவிட்டன. தகட்டைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.

ஃபியம்மெத்தா இடுப்பில் கை வைத்தாள்.

"லுகானோவா நீங்க?"

"ஆமா."

"அங்க சான் லூக்கா தெரியுமோ?"

நான் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒளிய முடியாத அளவு மெல்லியதாக இருந்தது.

"என் மாமியார் பொலோன்யாக்காரி," என்றாள். "இருபத்தஞ்சு வருஷமா நான் தேய்க்கற ஒவ்வொரு மாவையும் இப்படித்தான் தூக்கிப் பிடிச்சு உதட்டைப் பிதுக்குது. உங்க ஊர்ல கோயிலுக்குப் போறதே இல்லையா, மாவு வழியாத்தான் கும்பிடுவீங்களா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எல்விரா, மணிக்கட்டு, அலமாரிக்குப் பின்னால் இருக்கும் போர்வை மூட்டை, சனிக்கிழமை வரப்போகும் கல்யாண நாள். அவள் கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கிளாஸ் முடிஞ்சதும் இருங்க. ஒழுங்காச் சொல்லித் தர்றேன். ஆனா ஒண்ணு. பொலோன்யாக்காரன் நான், பாஸ்தா கத்துக்கப் புளோரன்சுக்கு வந்தேன்னு இவங்க முன்னாடி சத்தமாச் சொல்லணும்."

சொன்னேன். என் முப்பாட்டன்மார் கல்லறையில் புரண்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஃபியம்மெத்தா அதை மூன்று மொழியில் மாற்றிச் சொன்னாள். ஆறு பேர் கை தட்டினார்கள். கிர்ஸ்டன் மட்டும் ஜன்னலோரம் போய், கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு என்னை முறைத்தாள்.

இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றேன். "அழுத்தாதீங்க, தள்ளுங்க. ஒவ்வொரு தடவையும் கால் வட்டம் திருப்புங்க. ஸ்டீரிங்கா நினைச்சுக்கோங்க" என்றாள். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பஸ் டிப்போவில் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தால் நான் வேறு ஆளாகியிருப்பேன்.

சனிக்கிழமை காலை போர்வை மூட்டையைப் பிரித்தேன். எல்விரா நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அவள் முதுகைத் திருப்பிய ஒரு நொடியில் எண்ணெயைச் சொட்டினேன். தேய்த்தேன். அது விரிந்தது.

எழுந்து வந்தாள். வலிக்கிற கைகளை விட்டுவிட்டு முன்கைகளால் தகட்டை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனாள்.

நவம்பர் மாசத்துப் பொலோன்யா. ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் இல்லை. குன்றும் இல்லை, எதிர்வீடும் இல்லை.

"சான் லூக்கா தெரியலை" என்றாள்.

"மாவு இல்லாமலே தெரியலையே."

"அது எனக்குத் தெரியாது. தெரியலை."

ஆனாலும் வெட்டச் சொன்னாள். வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, கறிக்குழம்பில் புரட்டினேன். குழம்பு கிளறும் வேலையை மட்டும் அவள் எனக்கு எப்போதோ விட்டுத் தந்திருந்தாள்.

ஒரு வாய் சாப்பிட்டாள். மென்றாள். இரண்டாவது வாய். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

இத்தனை மாசமாகப் பார்த்த அதே காட்சி. தட்டில் நாடாக்கள் அப்படியே இருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாவுல எண்ணெய் விட்டிருக்கே" என்றாள்.

"எண்ணெயா?"

"நம்ம ஊர்ல முட்டையும் மாவும்தான். எண்ணெய் விடறவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். டிரைவர்கள் கூட்டம் எங்க நடந்துச்சு?"

"கூட்டம் வந்து..."

"நெரியோ."

"புளோரன்ஸ்" என்றேன்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி நிமிர்ந்தால், சிரிக்கிறாள். சத்தமே வராமல், கண்ணில் நீர் வழிய, மேஜையைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் சத்தமும் வந்தது. அது மூன்று தெரு தள்ளிக் கேட்டிருக்கும்.

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டா?"

"தொப்பியும்."

"கடவுளே. யார்கிட்டயும் சொல்லிடாதே. என்னை ஊரை விட்டே தள்ளி வெச்சிடுவாங்க." முள்கரண்டியை எடுத்தாள். தட்டைக் காலி செய்தாள். ரொட்டித் துண்டால் துடைத்தாள். அப்புறம் என் தட்டைப் பார்த்தாள்.

ஜெலாட்டோவையும் கொண்டுவந்து வைத்தேன். வீட்டில் இயந்திரம் இல்லாததால் அதிகாலையிலிருந்து அரைமணிக்கு ஒரு தடவை குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கிளறியது. ஒரு கரண்டி எடுத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருபதாம் நம்பர் பஸ்" என்றாள்.

"நாப்பது பேர் கத்துனாங்க" என்றேன்.

"மூணு பேர். அதுல ஒருத்தர் தூங்கிட்டிருந்தார்."

நாலு மணிவாக்கில் பனி கிழிந்தது. எதிர்வீடு வந்தது, பிறகு மரங்கள், பிறகு குன்று. எல்விரா பலகையோரம் ஒட்டிக்கிடந்த, வெட்டும்போது மிஞ்சிய ஒரு துண்டு மாவைப் பிரித்தெடுத்து ஜன்னலில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கோயில் உச்சி மட்டும் தெரியுது," என்றாள். "அதுவும் கலங்கலா."

நான் பலகையைப் போர்வையில் சுற்றப் போனேன்.

"எங்க எடுத்துட்டுப் போறே? அங்கயே வை," என்றாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஏழு மணிக்கு எழுந்திரு. நான் பக்கத்துல நிப்பேன், எண்ணெய் பாட்டில் என் கையில இருக்கும்."