பெரிய வியாழக்கிழமை மிதித்த திராட்சை

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்டிக்கொண்டே உட்காரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்குச் சொல்லப்போவதே காலைப் பற்றிய கதைதான். கால் பட்டால் பாவம் என்று பயந்து மகள் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்த ஒருத்தி, பிறகு இருபத்துநாலு கால்களைத் தொட்டியில் இறக்கி அதை நடத்திவைத்த கதை. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற வழியில் சூசைப்பட்டி என்று முப்பது வீட்டு ஊர். ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில், அதை ஒட்டிச் சாமியார் பங்களா. அங்கே சமைத்துக்கொண்டிருந்தவள் ரோசம்மாள். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். ஒரே மகள் மதலேனாள். ரோசம்மாளின் அண்ணன் சவுரியப்பன் அந்தக் கோயிலுக்கு உபதேசியார். செபம் சொல்லிக்கொடுப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான்.

சாமியார் பெயர் பெத்ரு. போர்த்துக்கல் தேசத்தில் பிறந்தவர். இருபது வருஷமாக நம் பக்கத்து வெயிலில் காய்ந்து, களியும் கீரையும் தின்று, தாடி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நம்மூர் ஆளாகவே ஆகிவிட்டார். அவர் பிறந்த இடத்தில், ஆற்றுக்கு மேலே மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் அடுக்கித் திராட்சை வைத்திருப்பார்களாம். அந்த ஏக்கத்தில் பங்களாவுக்குப் பின்னால் அவரும் ஒரு திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். காய்த்த பழத்தையெல்லாம் பிள்ளைகளும் கிளிகளும்தான் தின்றன. பூசைக்கு வேண்டிய திராட்சை ரசம் கப்பலில் வந்து, பெங்களூர்க் கடை வழியாகச் சீசாவில் வரும்.

ஐரோப்பாவில் சண்டை மூண்ட இரண்டாம் வருஷம், மாசி மாதத்தில், நூர் பாஷா வெறும் கையோடு வந்து நின்றார். தர்மபுரியிலிருந்து வாரம் ஒருமுறை வண்டியில் சாமான் கொண்டுவருகிறவர் அவர். சீசாவைத் தொட மாட்டார். கடைக்காரன் பெட்டியில் வைத்து ஆணி அடித்துக் கொடுத்தால் வண்டியில் ஏற்றிக்கொள்வார்.

"சாமிங்க, கப்பலே வரலையாம். இனி எப்ப வருமோ கடைக்காரனுக்கே தெரியாதாம்" என்றார்.

பங்களாவில் மீதி இருந்த ரசம் பாஸ்கா திருநாள், அதாவது ஈஸ்டர், வரைக்கும்தான் வரும். அதைக் கேட்டதும் ரோசம்மாளுக்கு மகள் கல்யாணம்தான் நினைவுக்கு வந்தது. மதலேனாளைக் கோவிலூரில் பேசி முடித்திருந்தது. வைகாசிக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா ஒரே வார்த்தையாகச் சொல்லியிருந்தார்: "பாட்டுப் பூசை வச்சுத்தான் எங்க வூட்டுல கல்யாணம். பூசை இல்லாம மந்திரிச்சு அனுப்புறதெல்லாம் ஆவாது." மாப்பிள்ளை ஆனி பிறந்ததும் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போகிறான். அங்கே அவனுக்கு ஓர் அத்தை மகள் வேறு இருக்கிறாள். ரசம் இல்லாமல் பூசை இல்லை, பூசை இல்லாமல் கல்யாணம் இல்லை. கல்யாணம் தள்ளிப்போனால் அந்த அத்தை மகள் இருக்கிறாளே!

சாமியார் கவலைப்படவில்லை. பந்தலை நிமிர்ந்து பார்த்தார். "பத்துக் கூடை பழம் இருக்கு. சர்க்கார் சீட்டும் இருக்கு. எங்க ஊர் மாதிரி நாமே செய்வோம்."

மதுவிலக்கு வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. பூசை ரசத்துக்கு மட்டும் சீட்டு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரைக் கூட்டிச் சொன்னார். அவர் ஊரில் அறுவடை சமயத்தில் பெரிய கல்தொட்டியில் பழத்தைக் கொட்டுவார்களாம். தொடை வரைக்கும் துணியைச் சுருட்டிக்கொண்டு ஆளும் பேருமாக உள்ளே இறங்கி, தோள்மேல் கை போட்டு வரிசையாக நின்று மிதிப்பார்களாம். முதல் இரண்டு மணி நேரம் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஒருவர் எண்ணிச் சொல்ல, அதற்குத் தக்கபடி ஒரே மாதிரி கால் எடுத்து வைக்க வேண்டும். அப்புறம்தான் வாத்தியமும் ஆட்டமும்.

"இந்தப் பழத்தையும் அப்படித்தான் மிதிக்கணும். என் காலில் முள் குத்திக் கட்டுப் போட்டிருக்கு. நீங்கதான் வரணும்."

சவுரியப்பன்தான் முதலில் பேசினார்.

"சாமிங்க, பீடத்துக்குப் போற பழத்த நாங்க காலால மிதிக்கறதா? தெரியாத்தனமா செபப் புஸ்தகத்து மேல காலு பட்டாக்கூடத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவங்க நாங்க."

"கையால பிசைஞ்சா ஆவாதுங்களா?" என்றாள் ரோசம்மாள்.

"தோலில் இருக்கிற நிறம் இறங்க மணிக்கணக்காகும். அரைக் கூடை பிசையறதுக்குள்ள உன் கை ஓய்ஞ்சிடும். கொஞ்சமாச் செய்தால் பீப்பாய் நிறையாது. நிறையாத பீப்பாயில் காற்று புகுந்து ரசம் புளிச்சுக் காடியாப் போயிடும்."

"இதுல சாராயம் கலப்பாங்களாமே சாமி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எங்க ஊரில் ஒரு வகைக்கு உண்டு. புளித்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால் இனிப்பு அப்படியே நின்னுடும்."

"அந்தப் பேச்சே வேணாம் சாமி, போலீசு தொப்பூர்ல இருந்தாலும் காதுல வுழுந்துரும்" என்றார் சவுரியப்பன். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. மிதிக்க ஒருவரும் வரவில்லை.

முதல் ஐந்து கூடை பழுத்து இறங்கிய அன்றைக்கு, சாமியார் ஏரியூர்ப் பக்கம் நோயாளிகள் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம் கேட்கப் போயிருந்தார். ரோசம்மாள் கூடைகளைப் பார்த்தாள். பழமும் கெடக்கூடாது, சாமியாருக்குப் பாவமும் வரக்கூடாது, மகள் கல்யாணமும் நிற்கக்கூடாது. மூன்றுக்கும் சேர்த்து அவளுக்கு ஒரே வழிதான் தோன்றியது. ஆட்டுக்கல்லை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்து, ஐந்து கூடையையும் ஆட்டினாள். விதையெல்லாம் நறநறவென்று அரைபட்டது. துவையல் பதத்துக்கு மைய ஆட்டி வழித்துப் புதுப் பானைகளில் ஊற்றி, துணி கட்டி வைத்தாள். 'மிதிச்சா இவ்வளவு நைசா வருமா?' என்று மனசுக்குள் ஒரு பெருமை.

சாமியார் வந்து பானைகளைப் பார்த்தார். நுரை பொங்குகிற சத்தம் கேட்டு முகம் மலர்ந்தார். இரண்டு வாரம் கழித்து வடிகட்டி ஒரு மடக்கு வாயில் வைத்தவருக்குத் தாடி ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

"ரோசம்மா, வேப்பங்கொட்டை ஏதும் விழுந்ததா?"

"இல்லீங்களே சாமி. நாந்தான்... ஆட்டுக்கல்லுல போட்டு ஆட்டுனேன்."

"விதையோடவா?"

"விதைய எங்கீங்க சாமி எடுக்கறது? ஐஞ்சு கூடை!"

சாமியார் கோபிக்கவில்லை. அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகுதான் மெல்லச் சொன்னார். "கசப்பெல்லாம் விதையிலும் காம்பிலும் இருக்கு. கல்லுக்கு அது தெரியாது. காலுக்குத் தெரியும். பாதம் மெத்தென்று இருக்கிறதால் தோல் உடையும், விதை உடையாது. அதுக்குத்தான் எங்க தாத்தன் பூட்டன் எல்லாம் காலால் மிதித்தாங்க. மரியாதை இல்லாமல் இல்லை."

ரோசம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மீதி ஐந்து கூடை பாஸ்கா வாரத்தில் பழுக்கும். அதுவும் கெட்டால் அவ்வளவுதான். அன்றைக்கு மதலேனாள் முகத்தைக்கூட அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் நூர் பாஷா உப்பு மூட்டையை இறக்கும்போது அவள் புலம்பினாள். அவர் வண்டி நிழலில் உட்கார்ந்து கேட்டார்.

"ஏன்க்கா, காலு அப்படியென்ன பாவம் பண்ணுச்சு? நாங்க அஞ்சு வேளையும் காலக் கழுவிட்டுத்தான் தொழுவ நிக்கிறோம். கழுவுன காலு ஆண்டவனுக்கு முன்னால நிக்கலாம்னா, பழத்து மேல நிக்கக் கூடாதா? கழுவச் சொல்லி மிதிக்கச் சொல்லு. அந்த ரசத்துப் பக்கம் மட்டும் என்னைக் கூப்புடாத."

"யாரு கழுவுனா எங்க சனம் ஒத்துக்கும் பாய்?" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு உப்பு மூட்டையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பங்களாவுக்குள் ஓடினாள்.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை என்ன நடக்கும்? ஏசுநாதர் சீடர்களின் காலைக் கழுவின நினைவாகச் சாமியார் மண்டிபோட்டு, ஊரில் பன்னிரண்டு ஆம்பிளைகளின் காலைக் கழுவி, துடைத்து, முத்தி செய்வார், அதாவது முத்தமிடுவார். வருஷா வருஷம் அதில் முதல் கால் சவுரியப்பனுடையது. அப்புறம் மூன்று நாளைக்கு அவர் வயலில் கால் வைக்க மாட்டார். "சாமியாரு முத்தி செஞ்ச காலு, சேத்துல வெக்கலாமா?" என்று கட்டிலில் நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது அவர் பெண்டாட்டி வேலை ஆகிவிடும்.

யோசனையைக் கேட்ட சாமியார் கையைத் தட்டினார். "பழம் அதுவரைக்கும் கொடியில் இருக்கட்டும்."

அந்த வியாழக்கிழமையும் வந்தது. பிற்பகலில் பன்னிரண்டு ஜோடிக் கால்களும் கழுவி முத்தி செய்து முடிந்தன. ஆட்கள் எழுந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் புதுப்பாய் விரித்திருக்கிறது. பாய் நேராகப் பந்தலடித் தொட்டிக்குப் போகிறது. தொட்டியில் ஐந்து கூடைப் பழம். பாய் ஓரத்தில் இடுப்பில் கை வைத்து ரோசம்மாள்.

"அண்ணா, எறங்கு."

"என்ன புள்ள வெளையாடுற?"

"இந்தக் காலு சுத்தமான காலுன்னு வருசா வருசம் சொல்றது யாரு? சேத்துல வெக்கக் கூடாத காலு இதுக்கு மேல எங்கதான் வெக்கும்? இதுக்கும் ஆவாதுன்னா சொல்லிரு. இன்னைக்கே வயலுக்குப் போ, நாத்தங்கால் ஒழவு கெடக்குது."

கூட்டத்தில் முதலில் சிரித்தது சவுரியப்பனின் பெண்டாட்டி. "சரியாக் கேட்ட ரோசம்மா! இன்னும் ரெண்டு சேத்துக் கேளு!"

சவுரியப்பன் சாமியாரைப் பார்த்தார். சாமியார் வானத்தைப் பார்த்தார். உபதேசியார் தம் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார், சிலுவை போட்டுக்கொண்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினார். பழம் பிதுங்கியது. "யப்பா! சில்லுனு இருக்குது!" என்று கூவினார். அதற்கப்புறம் மற்றப் பதினோரு பேரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

நால்வர் நால்வராக முறை வைத்துத் தோளில் கை போட்டு நின்றார்கள். ஏசுநாதர் பாடுபட்டதை நினைக்கிற துக்க நாளில் மணி அடிக்கக் கூடாது, பாட்டும் கூடாது. கோயிலில் மணிக்குப் பதிலாகத் தட்டுகிற மரக்கட்டையை எடுத்துவந்து மதலேனாள் தட்டினாள். டொக், டொக். அந்தத் தாளத்துக்கு இடது கால், வலது கால். சாமியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க ஊரிலும் முதல் இரண்டு மணி நேரம் இப்படித்தான், சத்தமே இருக்காது" என்றார். ஆட்டம் மட்டும்தான் இல்லை. அதைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்வதாகச் சவுரியப்பன் வாக்குக் கொடுத்தார். முழங்கால் வரைக்கும் சிவந்த காலோடு அவர் ஒரு வாரம் ஊரைச் சுற்றி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தது தனிக் கதை.

ரசம் பொங்கி, அடங்கி, தெளிந்து, சாமியாரின் சின்ன மரப் பீப்பாயில் கழுத்து வரைக்கும் நிறைந்தது. வைகாசியில் அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். ரோசம்மாள் அவர் தாடி கோணுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பீப்பாயைத் தட்டிக்கொடுத்தார், நல்ல மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. அவளுக்கு அது போதும்.

கல்யாணப் பூசை பாட்டோடு நடந்தது. மாப்பிள்ளையின் அப்பாதான் எல்லாரையும்விட உரக்கப் பாடினார். கசந்துபோன முதல் ஐந்து கூடை நல்ல காடியாகியிருந்தது. பூண்டும் மிளகாயும் அரைத்து அந்தக் காடியில் ஊறவைத்து, சாமியார் சொன்ன பக்குவத்தில் ரோசம்மாள் கோழிக்கறி வைத்தாள். இலைக்கு இலை இரண்டாம் முறை கேட்டார்கள். நூர் பாஷா ஒரு கூடை லட்டோடு வந்து மணமக்களை வாழ்த்திவிட்டுப் போனார்.

பந்தி முடிந்தபின் பீப்பாயில் மீதியைச் சீசாக்களில் எடுத்து வைக்கலாமா என்று ரோசம்மாள் கேட்டாள். சாமியார் தடுத்தார்.

"எல்லாம் எடுக்காதே. ஸ்பெயின் தேசத்தில் தெற்கே பீப்பாய்களை வரிசைமேல் வரிசையா அடுக்கி வைப்பாங்க. அடி வரிசையில் கொஞ்சம் எடுத்தால் மேல் வரிசையிலிருந்து ஊற்றி நிரப்புவாங்க. அடிப் பீப்பாய் நூறு வருஷமானாலும் காலியாகாது. பழசு புதுசுக்குச் சொல்லிக்கொடுக்கும். இதை எனக்குப் புரியவைக்க என் வாத்தியாருக்கு ஒரு வருஷம் ஆச்சு."

"இதுல என்னங்க சாமி இருக்குது?" என்றாள் ரோசம்மாள். "ஒறை மோருதான. மோரு கடையறப்ப ஒரு கரண்டி நிறுத்திக்கிறதில்லையா?"

சாமியார் பீப்பாயின் மூடியை இறுக்கினார். "என் வாத்தியார் இந்த ஊரில் ஒரு மாசம் இருந்திருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான் கண்ணுங்களா கதை. எழுந்து போகிறவர்கள் காலைப் பார்த்து வைத்துப் போங்கள். அந்தக் கால் போகிற வீட்டில் உறை மோர் ஒருநாளும் தீராமல் இருக்கட்டும். பந்தலில் கொத்துக் கொத்தாகக் காய்க்கட்டும், உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளின் கல்யாணம் சொன்ன நாளில் பாட்டோடு நடக்கட்டும். அரைத்துக் கெடுத்ததுகூட உங்கள் அடுக்களையில் நல்ல குழம்பாக மாறட்டும்.