வாசலுக்கு வந்த குழாய்

பொன்மணியின் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தையை வாங்கிவிட வேண்டும் என்றுதான் அவளை அந்தப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அறுபத்தேழு வயதில் பெண்டாட்டி பாராட்டி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஆக வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் புதூர்ப் பக்கம், கரிசல் காடு. ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆற்றங்கரை மரக்கூட்டத்துக்குள் ஒரு ஊற்று உண்டு. ஆறு வறண்டு மணலாய்க் கிடக்கும் கோடையிலும் அது மட்டும் பாறை இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். போக ஒன்றரை மைல், வர ஒன்றரை மைல். கல்யாணமான நாளிலிருந்து ஒன்பது வருஷம் பொன்மணி அங்கிருந்துதான் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாகக் குடம் சுமந்தாள். நான் பஸ் கண்டக்டர். விடியுமுன்னே டூட்டிக்குக் கிளம்பிவிடுவேன். ஒரு நாள்கூட ஒரு குடத்தைக் கைமாற்றி வாங்கியதில்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு இரண்டு வருஷம் நடையாய் நடந்தேன். பார்க்காத ஆளில்லை, கொடுக்காத மனு இல்லை. கடைசியில் ஊருக்குத் தண்ணீர் வந்தபோது, தெருக்குழாய் சரியாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. திறந்ததும் பொன்மணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைத்தான் முப்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்கிறேன். "சந்தோசத்துல தேம்பித் தேம்பி அழுதா" என்று டிப்போவில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். நான் ஆரம்பித்தாலே அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். நல்லா செஞ்சீங்க என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது அந்த மரக்கூட்டத்துக்கு வேலி போட்டு, பெஞ்சு போட்டு, பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். போன சனிக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு பைக்கில் போனோம். பழைய இடத்தைப் பார்த்தால் பட்ட பாடு ஞாபகம் வரும், ஞாபகம் வந்தால் வார்த்தையும் வரும் என்பது என் கணக்கு.

உள்ளே நுழைந்ததும் வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது. மருதமும் நாவலும் புங்கையும் அன்றைக்குப் போலவே அடர்ந்து நின்றன. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இங்கே வந்து விழுந்து கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்து எனக்கு மனசு என்னவோ செய்தது. நாவல் பழம் தின்று நீலமான நாக்கை வீட்டில் காட்டாமல் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு திரிந்தவன் நான்.

பொன்மணி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கடைத்தெருவில்கூட எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி வருகிறவள். ஊற்றைச் சுற்றி இப்போது சிமெண்டுத் தொட்டி. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னாலிருந்த மருதமரத்து வேரில் போய் உட்கார்ந்தாள். வழிந்தோடும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள்.

"இங்கனதான் இருப்போம்" என்றாள்.

"யாரு?"

"நானும் மேரிராணியும்."

மேரிராணி யாரென்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவும் தோன்றவில்லை. என் வார்த்தைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"இந்தப் பாடெல்லாம் நீ படக்கூடாதுன்னுதான நான் குழாயக் கொண்டாந்தேன். நல்லதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கியா நீ?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னா வருத்தப்படுவீங்க."

"பரவால்ல, சொல்லு."

"அன்னைக்கு நான் சந்தோசத்துல அழல."

அவளே சொன்னாள்.

"வீட்டுல உங்க அம்மா, மாடு, அடுப்பு. இங்கன வந்தாத்தான் எனக்கு மூச்சே விட முடியும். மேரிராணி வேதக்காரத் தெருவு. என்னைய மாதிரியே அந்த வருசம் வாக்கப்பட்டு வந்தவ. குடத்த நிறைச்சு வச்சிட்டு ரெண்டு பேரும் இந்த வேருலதான் இருந்து பேசுவோம். அவ உங்கள மாதிரி டிக்கெட் கிழிச்சுக் காட்டுவா, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிரும். ஒம்பது வருசம் அப்படி ஓடுச்சு."

"அதுக்கென்ன, குழாய் வந்தப்புறமும் பாத்துப் பேசியிருக்கலாமே?"

"எங்கன வச்சு? நம்ம தெருவுக்கு ஒரு குழாய் வந்துட்டு, அவ தெருவுக்கு ஒரு குழாய் வந்துட்டு. இங்கன வரதுக்கு அவளுக்கும் சாக்கு இல்ல, எனக்கும் சாக்கு இல்ல. நம்ம வீட்டுக்குள்ள அவளை விட்டிருப்பீங்களா?"

எங்கள் அம்மா மேல் பழியைப் போட்டுத் தப்பித்துவிடலாம். அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. அது என் காரியம்தான்.

"இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"போன புரட்டாசியில செத்துப்போனா. வேதக்கோயில் மணி அடிச்சுது, எனக்குக் கேட்டுது, அவதான்னு தெரியல. ரெண்டு நாள் கழிச்சுக் கடையில வச்சுச் சொன்னாங்க."

"ஒரு எட்டுப் போயிட்டு வந்திருக்கலாம்லா."

"உங்ககிட்ட என்னன்னு சொல்லிட்டுப் போவேன்?"

அவள் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க கேட்டுப் பக்கம் போயி இருங்க. நான் கொஞ்ச நேரம் இங்கன இருந்துட்டு வாரேன்" என்றாள்.

"தனியாவா?"

"ஆமா."

கேட்டில் காவலுக்கு இருந்த சோலைச்சாமி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தந்தார். சோற்றுப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுகுமலையிலிருந்து ஒரு வேன் வந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் தூக்குச்சட்டியும் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கி உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஊற்றுப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கிளம்பியது. அதில் ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. அடி வயிற்றிலிருந்து வந்து, அடங்குவதுபோல் அடங்கி, மறுபடியும் பொங்கியது.

"யாரோ நல்லாச் சிரிக்காங்க" என்றார் சோலைச்சாமி.

"எந்த ஊர்ப் பொம்பளையோ" என்றேன்.

ஐந்தரை மணிக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, மூடுத நேரம் ஆயிட்டு. வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க."

போனேன். மருதமரத்தை நெருங்கும்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பொன்மணி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷம் என்னோடு இருந்தவளின் சிரிப்பை, எந்த ஊர்ப் பொம்பளையோ என்றிருக்கிறேன் நான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயமாக இருந்தது. வந்த சத்தம் தெரியாமல் திரும்பி நடந்து, "இன்னும் கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்று சோலைச்சாமியிடம் கெஞ்சினேன்.