கஞ்சி போட்ட காது

1

இந்தக் கதைக்குக் காரணம் என் நாயின் குறட்டை. மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சின் கலே நகரத்தில் விலங்கு மருத்துவரின் காத்திருப்பு அறையில் என் பிரெஞ்சு புல்டாக் மல்லாந்து கிடந்து கூரை அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அதையே வெகுநேரம் பார்த்தாள். "மூக்கு இல்ல, வாலு இல்ல, காது மட்டும் மொறம் மாதிரி. இப்பிடி ஒண்ணு வேணும்னு யாருக்குத்தான் தோணுச்சோ?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். பதில் தெரியவில்லை. மானம் போனது போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "இங்கிலாந்தில் காளைமீது நாய்களை ஏவிவிடும் கொடூர விளையாட்டு 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்

(வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிற வாடை அடிக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: காளைச் சண்டையை நிறுத்தியதும் புல்டாக்குக்கு வேலை போயிற்று. வேலை போன நாயை யார் சீந்துவார்கள்? நாட்டிங்ஹாம் ஊரில் லேஸ் துணி பின்னுகிற தொழிலாளிகள் சீந்தினார்கள். குட்டையானதைக் குட்டையானதோடு சேர்த்துச் சேர்த்து, மடியில் அடங்குகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு நீராவி இயந்திரம் வந்து அவர்களுக்கும் வேலை போயிற்று. நாய்க்கு வந்த கதிதான் நாய்க்காரனுக்கும். நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலைத் தாண்டிக் கலேக்கு வந்து சேர்ந்தார்கள்.*

* இவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் லேஸ் இயந்திரத்தையே கழற்றித் துண்டு துண்டாகக் கடத்தி வந்தவர்கள். அவர்கள் வழி வந்தவர்களுக்கு நாய் எம்மாத்திரம்.

இதுவரை சரித்திரம். இதற்குமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. பிறகு என்னிடம் ஆதாரம் கேட்டு வரக்கூடாது.

3

ஸெலி என்று ஒருத்தி. காலம் 1880களின் நடு. கலேயின் சென்-பியேர் பேட்டையில் லேஸ் ஆலையொன்றில் வேலை. இயந்திரம் அறுத்துவிட்ட கண்ணிகளை ஊசியால் எடுத்துக் கட்டுவாள், கட்டியதற்குக் கஞ்சியும் போடுவாள். (அவளைச் சோகமான பெண்ணாகத்தான் முதலில் எழுதினேன். இரண்டு பத்தி தாங்கவில்லை, சிரித்துவிட்டாள். அப்படியே விட்டுவிட்டேன்.) அவள் புருஷன் அதெமார், அதே ஆலையில் இயந்திரம் ஓட்டுகிறவன். அந்த இரைச்சலில் பாதிச் செவிடு. வீட்டில் இரண்டு அறை, ஒரு நாய். நாயின் பெயருக்கு அவர்கள் பேச்சில் தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம். நான் தெள்ளு என்றே எழுதப்போகிறேன், வாய்க்கு நன்றாயிருக்கிறது.

தெள்ளு தங்கமான நாய். ஒரே குறை காது. காதென்றால் ரோஜா இதழ் மாதிரிப் பின்பக்கம் மடிந்து விழவேண்டும், அதுதான் லட்சணம் என்று பேட்டையில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தின் காவல்காரர் இனோக் டான்ஸ்லி, நாட்டிங்ஹாம்காரர். காது நட்டுக்கொண்டு நிற்கிற குட்டிகளை அவருடைய ஊர்க்காரர்கள் கழிசடை என்று ஒதுக்கி, கப்பலேற்றி இந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். தெள்ளு அப்படித் தள்ளிவிட்ட குட்டிதான்.

இனோக் வீட்டில் ரோஜாக் காதோடு ஒரு குட்டி பிறந்திருந்தது. அதெமாருக்கு அதன்மேல் ஒரே கண். இரண்டு நாய்க்கு வீட்டில் இடம் ஏது? ஒரு முடிவுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதுக்கடையில் நடக்கிற நாய்க் காட்சியில் தெள்ளு முதல் மூன்று இடத்தில் ஒன்று வாங்கினால் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை கீன் ஊருக்கு, தம்பியின் தானியக் கொட்டகையில் எலி பிடிக்கப் போகவேண்டும்.

"ஏன்யா, அந்தக் காத அதுவா வரைஞ்சு ஒட்டிக்கிச்சு? நாளைக்கு என் காது நட்டுக்கிச்சுன்னா என்னையும் ஒந்தம்பி வீட்டுக்கு அனுப்பிருவியா?"

"ஒங்காது எனக்குப் பழகிப்போச்சு," என்றான் அதெமார்.

4

லேஸுக்குக் கடைசி வேலை கஞ்சி போடுவது. எந்த மடிப்பில் காய்கிறதோ அந்த மடிப்பிலேயே நிற்கும், பெட்டியில் போட்டுப் பாரிசுக்கு அனுப்பினாலும் கலையாது. ஸெலிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தகரக் குவளையில் ஆலைக் கஞ்சி கொண்டுவந்தாள். தெள்ளுவை மடியில் போட்டு, இரண்டு காதையும் மடித்து, கஞ்சி தடவி, காயும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள். விரல் மரத்துப்போனது. நாய் அசையாமல் அவள் முகத்தையே பார்த்தது.

"நீ போயிட்டா நான் யார்ட்டடி பேசுறது? அவனுக்குப் பாதி விழாது. மீதியக் கேட்டுக்க மாட்டான்," என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குனிந்து அதன் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

காலையில் பார்த்தால் இனோக் வீட்டுக் குட்டி பிச்சை வாங்கவேண்டும், அப்படி ஒரு ரோஜா.

(இந்த இடத்தில் எழுந்து போய் என் நாயின் காதை மடித்துப் பார்த்தேன். விட்ட மாத்திரத்தில் நிமிர்ந்துகொண்டது. அதற்கு அப்புறம் ஒருமணிநேரம் என் பக்கமே திரும்பவில்லை.)

பதினெட்டு வருஷம் கஞ்சி போட்ட கை ஒன்றை மட்டும் மறந்துவிட்டது. லேஸுக்குக் காது கேட்காது. தெள்ளுவுக்குக் கேட்கும்.

5

மதுக்கடையில் பில்லியர்ட் மேசைமேல் போர்வை விரித்து ஒன்பது நாய்களை நிறுத்தினார்கள். இனோக் வாயில் புகைக்குழாயோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தெள்ளுவிடம் வந்ததும் குனிந்தார்.

"இந்தக் காது இத்தன நாளா எங்க இருந்துச்சு?"

"சளி புடிச்சிருந்துச்சுங்க. இப்பத்தான் எறங்கியிருக்கு," என்றாள் ஸெலி, முகத்தைக் கோயில் மாதா சிலைபோல வைத்துக்கொண்டு.

இனோக் இன்னொருமுறை பார்த்தார். அதெமாரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நிமிர்ந்து, இரண்டாம் இடம் என்று சொல்ல வாயைத்

(முடிக்கவிட்டால்தானே. ஒனெசிம் வந்துவிட்டான். பாரிசின் இறைச்சி மண்டியில் கடை வைத்திருக்கிறவன், தங்கை வீட்டுக்கு வந்தவன், நாய்ப் பித்து. கதையில் இவனுக்கு இடமே வைத்திருக்கவில்லை நான்.)

கல்லாப் பக்கம் நின்றிருந்த ஒனெசிம் பசிக்குத் தொத்திறைச்சிப் பொட்டலத்தைப் பிரித்தான். காகிதம் சரசரத்தது. தெள்ளுவின் இடது காது படக்கென்று எழுந்தது. பின்னாலேயே வலது காதும். கஞ்சி பொடிப்பொடியாகப் பறந்து இனோக்கின் மீசையில் போய் உட்கார்ந்தது.

 கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள் பாருங்கள், சிரித்துச் சிரித்து ஒருவன் நாற்காலியோடு சாய்ந்தான். ஸெலியும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது சிரிப்பால் வந்ததல்ல என்பது அதெமாருக்கு மட்டும் தெரிந்தது. கஞ்சி போட்ட நாய்க்கு இடம் கிடையாது என்று இனோக் மீசையைத் தட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

ஒனெசிம் மட்டும் சிரிக்கவில்லை. கையில் தொத்திறைச்சியோடு மேசையருகே வந்து நின்றான்.

"இதப் போயி எதுக்கு தாயி மடிச்சீங்க? மொகத்துக்கு அழகே இதுதான. என் கடை வாசல்ல இது நின்னா தெருவே நிக்கும். எனக்குக் குடுத்துருங்க, ராணியா வச்சுக்கறேன்."

நாயின் கயிற்றுக்காகக் கையை நீட்டினான். எலிக்கொட்டகைக்குப் பாரிஸ் எவ்வளவோ மேல் என்று அதெமாருக்குப் பட்டது. அவன் ஸெலியைப் பார்த்தான்.

6

இனி சரித்திரம் வாசலில் நிற்கிறது. நட்டுக்கொண்ட காது பாரிசுக்குப் போகவேண்டும், அங்கே கசாப்புக்காரர்களும் வண்டிக்காரர்களும் அதைத் தூக்கிக்கொண்டு திரியவேண்டும், பிறகு பணக்காரச் சீமாட்டிகள் பார்த்து மயங்கவேண்டும், நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்கப் பெண்கள் சங்கம் கூடி, நின்ற காதுதான் காது என்று சண்டைபோட்டு ஜெயிக்கவேண்டும். நடந்தது அதுதான். அதற்கெல்லாம் தோதாக இந்தக் கயிறு கைமாறினால் கதை கச்சிதமாக முடியும்.

முடிவு அ: ஸெலி கயிற்றை ஒனெசிமிடம் கொடுத்தாள். (மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அவள் கொடுக்கவில்லை.)

முடிவு ஆ: "குட்டி போட்டதும் ஒன்று தருகிறேன்," என்றாள். (இது என் புத்தி. அவளுக்கு இந்தச் சாமர்த்தியமெல்லாம் அந்த நேரத்தில் வராது.)

முடிவு இ: அவள் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பாரிசுக்கு வேற நாய் கெடைக்கும்யா. எனக்குக் கெடைக்காது."

இதை நான் எழுதவில்லை, அவளே சொன்னாள். உண்மையும்கூட. கழித்துத் தள்ளிய குட்டிகள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தன, ஒனெசிமுக்கா பஞ்சம்? சரித்திரம் வேறு எந்த நாயையாவது பிடித்துக்கொண்டு போகட்டும்.

ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை. அதெமார் சொன்ன எலிக்கொட்டகை இன்னும் அப்படியே காத்திருக்கிறது. ஒனெசிமின் கை நீட்டியபடியே இருக்கிறது. ஸெலி இரண்டாவது சுற்றும் சுற்றி முடித்து, மூன்றாவது சுற்றுகிறாள். தெள்ளு தொத்திறைச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதற்குமேல் என்னால் ஆகாது. அந்த நாய் அவளைவிட்டுப் போய்த்தான் தீரவேண்டும் என்று நினைக்கிறவர் யாராவது இருந்தால், நீங்களே நேரில் போய் ஸெலியிடம் கேட்டுப் பாருங்கள்.