ஜெயபால் கேசட்டில் மௌன ஜெபம்

1985-ஆம் ஆண்டு மே மாதம், ஆவடி சேக்காட்டில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ கேசட்டில், யாரும் வாய் திறக்காத ஒரு நிமிஷத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் பேசினார்கள். போதகர், ஒரு நிமிஷம் அமைதியாக ஜெபிப்போம் என்று சொல்லித் தலை குனிந்த இடம் அது. அப்போது மின்விசிறிகளின் சத்தத்தையும் ஒரு குழந்தையின் இருமலையும் தவிர கோயிலில் வேறெதுவும் கேட்கவில்லை என்று அங்கிருந்த எல்லோரும் பிற்பாடு உறுதியாகச் சொன்னார்கள். பத்து நாள் கழித்துப் பெண் வீட்டில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தபோது, அந்த நிமிஷம் வந்ததும் அவரவர் மனசுக்குள் செய்த ஜெபம் அவரவர் குரலில் வெளியே வந்தது. பெண்ணின் தாய்மாமன் பிரியாணி மூன்று பந்திக்கும் பத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். புது ஷூ காலைக் கடிப்பது முகத்தில் தெரியக் கூடாது என்பது மாப்பிள்ளையின் விண்ணப்பம். டிவிக்கு முன்னால் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, கடைசி வரிசையில் காக்கிச் சட்டையோடு நின்றிருந்த பஸ் கண்டக்டர் சின்னசாமியின் குரல் வந்தது. அவர் கிறிஸ்தவ வேதக்காரர் அல்ல, மாப்பிள்ளையோடு பள்ளியில் படித்தவர். அன்று காலை பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை தன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பேர் தெரியாத ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கடிகாரத்தில் ஒரு நிமிஷம்தான் ஓடியிருந்தது. அதற்குள் இருநூற்றுப் பதினான்கு குரல்களும் ஒன்றோடொன்று மோதாமல், தனித்தனியாக, முழுசாகக் கேட்டு முடிந்திருந்தன.

படம் பிடித்தவர் கோவில்பதாகை ஜெயபால். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தவர். பட்டறை மூடியபோது, கப்பலில் வேலை செய்த மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் நாடகம் என்று கிளம்பிவிட்டார். கேசட்டில் இப்படி ஆனதும் அவர் பயந்துபோய்க் கேமராவைப் பூந்தமல்லியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த உஸ்மான் கனியிடம் கொண்டுபோனார். உஸ்மான் கனி இரண்டு நாள் வைத்திருந்து, மைக்கைப் பிரித்துப் பார்த்து, துடைத்து, திரும்ப மாட்டி, சோதனைக்காகக் கடையிலேயே தன் எதிரே வைத்து ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டார். போட்டுப் பார்த்தால் அவருடைய துவா கேட்டது, மனைவி ஜரினாவின் மூச்சிரைப்பு வருகிற குளிர்காலத்திலாவது குறைய வேண்டும் என்று. அவர் கேமராவைத் துணியில் சுற்றி ஜெயபாலிடம் நீட்டினார்.

"மிஷின்ல ஒரு கொறயும் இல்ல அண்ணாத்தே. நம்மகிட்டதான் எதுனா கீது. எடுத்துகினு போ" என்றார். கூலி வாங்கவில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது. முதலில் சிலர் ஜெயபாலைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு, அவர் வராத கல்யாணத்தில் எதையோ மறைக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததால் எல்லோரும் மறுபடி கூப்பிட்டார்கள். கேமரா தங்கள் பக்கம் திரும்பும்போது சிலர் வேதாகமத் தமிழில் அழகான ஜெபங்களை மனசுக்குள் அடுக்கினார்கள். கேசட் அந்த ஜெபத்தையும் பிடித்தது, அதற்கு அடியில் ஓடிய நிஜமான ஜெபத்தையும் பிடித்தது. ரேடியோவில் இரண்டு நிலையங்கள் சேர்ந்து கேட்பதுபோல, மேலே சர்வலோகத்தின் சமாதானமும் கீழே மாமியாரின் நாக்கு அடங்க வேண்டும் என்பதும் ஒரே குரலில் வந்தன. 1987 கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக நின்றவர், குழந்தைகளைக் கொல்லக் கட்டளையிடுவதற்கு முந்திய நிமிஷத்தில், ஒட்டு மீசை விழாமல் காப்பாற்றும்படி ஆண்டவரைக் கெஞ்சியது ஆவடி முழுக்கத் தெரிந்துபோனது. மீசை விழவில்லை.

1988-இல் நடந்ததுதான் ஜெயபாலை மாற்றியது. ஒரு கல்யாண கேசட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அதே சபையைச் சேர்ந்த ராயப்பனின் மனைவி சகாயம்மாளின் ஜெபம் அவர் காதில் விழுந்தது. மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, மகனின் பரீட்சை முடியும்வரை அது வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தாள். ஜெயபால் மனசு கேட்காமல் ராயப்பனிடம் சொல்லிவிட்டார். ராயப்பன் மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், ஆபரேஷன் நடந்தது, சகாயம்மாள் பிழைத்தாள். நான்கு மாதம் கழித்து அவள் ஜெயபால் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமலே சொன்னாள்.

"அண்ணே, நான் சாமிகிட்ட சொன்னேன். உன்கிட்ட சொல்லல."

அவ்வளவுதான். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அன்றிலிருந்து ஜெயபால் ஒரு விதி வைத்துக்கொண்டார். எந்த கேசட்டில் வேலை செய்தாலும் மௌன ஜெபம் வரும் இடத்தில் டிவியின் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்துவிடுவார். அது போதாது என்று ஸ்பீக்கர்மேல் ஒரு துண்டையும் போடுவார். படத்தில் குனிந்த தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் பல்லை உடைத்து, அதன்மேல் யாரும் வேறெதையும் பதிய முடியாதபடி செய்து, உரியவர்கள் கையில் கொடுத்துவிடுவார். ஐந்து வருஷத்தில் அறுநூறு கேசட்டுகள் அப்படிப் போயின.

1993-இல் அவருடைய ஒரே மகள் ஞானகுமாரிக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவள் அதிகம் பேசாத பெண். கடைக்குப் போனால்கூட வேண்டிய சாமானைக் கைகாட்டித்தான் வாங்குவாள். மாப்பிள்ளை அம்பத்தூர் பால்ராஜ், தபால் ஆபீஸில் நிரந்தர வேலை, குடி கிடையாது. நிச்சயதார்த்தத்தில் இருவரும் பைபிளும் பாட்டுப் புத்தகமும் மாற்றிக்கொண்டார்கள். வேறு யாரையும் அழைக்க மனமில்லாமல் ஜெயபால் தானே படம் பிடித்தார். போதகர் மௌன ஜெபம் சொன்னபோது ஞானகுமாரி எல்லோரையும்போல் தலை குனியவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று நினைத்து ஜெயபால் லைட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார்.

நிச்சயதார்த்தத்தையும் கல்யாணத்தையும் ஒரே கேசட்டாகச் சேர்த்து, கல்யாணத்துக்குப் பிறகு கொடுப்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். எனவே அந்த கேசட் பீரோவில் பூட்டப்பட்டது, சாவி ஜெயபாலின் அரைஞாணில் இருந்தது. அவர் மனைவி அன்னம்மாளுக்கு இது பொறுக்கவில்லை.

"ஊரு ஒலகத்து ஜெபத்த எல்லாம் புட்ச்சிகினு வந்து அடுக்கி வைக்கிற. பெத்த பொண்ணு இன்னா கேட்டுதுன்னு ஒருக்கா போட்டுப் பாக்கக் கூடாதா?"

"அது அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல கீது. நான் யாரு?"

"நீ யாரா? நல்லா கேட்ட போ. ஊட்டுக்காரன்னு நென்ச்சிகினு சோறு போட்டுகினு கீறேன்."

அந்தச் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் படிப்பார். சபை தொடங்கிய நாற்பத்தொரு வருஷத்தில் ஒருவரும் தடை சொன்னதில்லை. முதல் ஓலை வாசித்த ஞாயிறு ஞானகுமாரி வீட்டுக்கு வந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெயிலைப் பற்றிப் பேசினார். இரண்டாவது ஓலைக்குப் பிறகு அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் தட்டில் போட்ட சோறு பாதிக்குமேல் குறையவில்லை. கல்யாணக் கவலை என்று அன்னம்மாள் நினைத்தாள்.

மூன்றாவது ஞாயிறு காலை, கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில், ஞானகுமாரி அப்பாவிடம் காப்பியை நீட்டினாள்.

"நைனா, நீ கேட்டும் ஒண்ணும் சொல்லல. பரவால்ல. எனக்கு கோவம் இல்ல."

"இன்னாத்த கேட்டேன்?"

"கேசட்டு."

"நான் எங்கம்மா கேட்டேன்? நான்தான் யாருதும் கேக்கறதில்லியே."

ஞானகுமாரி அவரைப் பார்த்தாள். மூன்று வாரமாக ஒவ்வொரு ஓலையையும் அவள் அப்பாவின் பதிலாக எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த நொடியில்தான் அவருக்குப் புரிந்தது. காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தார். அப்போது பார்த்துக் கரண்ட் போயிருந்தது. டிவியும் இல்லை, டெக்கும் இல்லை. கோயிலின் முதல் மணி அடித்துவிட்டது. ஜெயபால் கேசட்டைக் கேமராவில் போட்டார், பேட்டரியை மாட்டினார், ஒரு காதில் இயர்போனைச் செருகினார், கேமராவைத் தோளில் தூக்கிக் கண்ணை அதன் குழலில் பதித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். எதிரே வந்தவர்கள், ஜெயபால் ஞாயிற்றுக்கிழமை வெறும் தெருவைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். குழலுக்குள் தெரிந்த தபால்தலை அளவு கறுப்பு வெள்ளைப் படத்தில் அவர் மகள் அவரையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, கேக்குதா? இது உனுக்குத்தான். மத்தவங்களுத நீ கேக்க மாட்ட, என்னுத கேப்பன்னு தெரியும். அவரு நல்லவருதான். ஆனா எனக்கு வேணாம். ஏன்னு கேட்டா எங்கிட்ட காரணம் இல்ல. உன் மூஞ்சப் பாத்து சொல்ல வாய் வரல. அதான் இதுல சொல்றேன். கேக்குதா நைனா?"

வாய் திறந்து அவள் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதே இல்லை. வழியில் இருந்த பால் பூத்துக்குப் பக்கத்தில் நின்று, கேசட்டைப் பின்னால் சுற்றி இன்னொரு தடவை கேட்டார். இரண்டாம் மணி அடித்தது.

அவர் உள்ளே நுழைந்தபோது போதகர் ஓலையைக் கையில் எடுத்திருந்தார். மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் சபைக்கு வந்து உட்காருவது முறை என்பதால் பால்ராஜும் அவர் தாயாரும் முன்வரிசையில் இருந்தார்கள். தடை உண்டானால் தெரிவிக்கலாம், இது மூன்றாம் முறை, என்று போதகர் படித்து, வழக்கப்படி நிமிராமலே தாளைப் புரட்டப்போனார்.

"இருக்கு, ஐயரே" என்று போதகரிடம் சொன்னார் ஜெயபால். கேமரா இன்னும் தோளிலேயே இருந்தது.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போதகருக்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க பொண்ணோட தகப்பனாச்சே?"

"அதான் சொல்றேன். பொண்ணுக்கு இஷ்டம் இல்ல. எங்கிட்ட மூணு வாரத்துக்கு முந்தியே சொல்லிட்டா. நான் இப்பத்தான் போட்டுப் பாத்தேன்."

பால்ராஜின் தாயார் ஏதோ சொல்ல எழுந்தாள். பால்ராஜ் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு அவரே எழுந்து, பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஐயரே, ஓலைய மடிச்சி வச்சிருங்க" என்றார். அவர் முகம் காது வரை சிவந்திருந்தது. அன்று யாரும் பாட்டை உரக்கப் பாடவில்லை. பின்னால் அந்த கேசட்டில் பால்ராஜின் குரலைக் கேட்டவர்கள், அவர் நிச்சயதார்த்தத்தன்று என்ன ஜெபித்தார் என்று தெரிந்துகொண்டார்கள். இந்தப் பெண் ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை, அவளுக்கு மனம் இல்லையென்றால் எனக்கு எப்படியாவது தெரியப்படுத்தும் ஆண்டவரே, என்று கேட்டிருந்தார். அது இருபத்திரண்டு நாளில் நிறைவேறியது. அந்தச் சபையில் அத்தனை சீக்கிரம் பதில் வந்த ஜெபம் வேறு இல்லை என்பார்கள். பால்ராஜுக்கு அடுத்த வருஷமே திருநின்றவூரில் பெண் அமைந்தது. படம் பிடிக்க ஜெயபாலைத்தான் கூப்பிட்டார்.

இதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மக்கள் மௌன ஜெபத்தின் ஒரு பகுதியை ஒருவருக்கொருவர் பேச எடுத்துக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை அண்ணன் தம்பிக்கும், மருமகள் மாமியாருக்கும், கடைசியாக மறக்காமல் ஆண்டவருக்கும் சொன்னார்கள். யாருக்குச் சொன்னதோ அவர்கள் மட்டும் கேட்டார்கள், மற்றவர்கள் அந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கேமரா பக்கமே வராத சகாயம்மாள், பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஆண்டவர் கோபிக்க மாட்டாரா என்று சிலர் கேட்டதற்கு, நடுவில் இருந்து அவரும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்றார் போதகர். நேரம் போதவில்லை என்று மனு வந்ததால், 1995-இல் சபைக் கமிட்டி ஒரு நிமிஷத்தை மூன்று நிமிஷமாக்கியது.

1998 ஆகஸ்டில் ஞானகுமாரிக்குக் கல்யாணம் நடந்தது. வேப்பம்பட்டில் வாத்தியாராக இருந்தவரை அவளே வீட்டில் சொல்லிக் கட்டிக்கொண்டாள், இந்தத் தடவை வாயால் சொன்னாள். ஜெயபால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு, பதின்மூன்று வருஷத்தில் முதல்முறையாக அதற்கு முன்னால் போய் நின்றார். பத்து நாள் கழித்து மகளும் மருமகனும் மறுவீட்டுக்கு வந்தபோது எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். மௌன ஜெபம் வந்ததும் ஜெயபாலின் கை பழக்கத்தில் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானுக்குப் போனது. அதற்குள் அவருடைய குரல் வந்துவிட்டது. அவர் கேசட்டுகள் எதிலும் அதுவரை கேட்டிராத குரல்.

"கேக்குதும்மா" என்றது அது. "ஞானம், நல்லா கேக்குதும்மா."

அன்னம்மாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யோவ், சத்தத்த கொஞ்சம் ஏத்தி வை" என்றாள். அவர் ஏற்றி வைத்தார்.